கண்ணாடியும் மடைநீரும்

அய்யா துணை



நிழல் தாங்கல் பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமமிட்டு நிற்பவர் அதில் காண்பது தம்மையே. உள்ளே உறையும் அய்யாவை உணரவே அந்தக் கண்ணாடி. அது இன்னொன்றும் சொல்லித் தருகிறது: மனிதன் பிறரிடம் காண்பதும் பெரும்பாலும் தன் மனத்தையே.

தஞ்சைச் சீமையைப் பாருங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். கல்லணையில் பிரிந்த நீர் வாய்க்கால் வாய்க்காலாகக் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். நீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். தன் முறை முடிந்ததும் மடையை அடைத்தவன் நிம்மதியாகத் தூங்குகிறான். அடுத்தவன் முறையில் இருட்டில் மடையைத் திறந்தவனோ, தன் முறை வரும்போது மண்வெட்டியோடு வரப்பிலேயே விழித்துக் கிடக்கிறான். தான் செய்ததை மற்றவனும் செய்வானே என்ற அச்சம்!

துவாபர யுகத்தில் நடந்ததும் இதுவே. குறோணியின் துண்டாகப் பிறந்த துரியோதனனுக்காகப் பீஷ்மர் படை நடத்தினார். அவரையும் அவன் நம்பவில்லை. பாண்டவர்மேல் பாசம் வைத்துப் போரிடுகிறார் என்று குத்திப் பேசினான். தருமரோ, எதிர்ப்படைத் தலைவரான அதே பீஷ்மரிடம் போய், அவரை வெல்லும் வழியைக் கேட்டார். பாட்டனாரும் மறைக்காமல் சொன்னார்.

"அந்தத் தருமர் சூதில் ஏமாந்தாரே?" எனலாம். ஏமாந்தார். ஆனால் அவரைப் பகடையில் இருத்தியது நம்பிக்கை அல்ல, சூதின்மேல் கொண்ட ஆசை. நம்புவது என்றால் கண்ணை மூடிக்கொள்வதல்ல. மடையைப் பார்த்துக்கொள்வதில் குற்றமில்லை. பார்க்குமுன்பே அடுத்தவனைத் திருடன் என்று முடிவு கட்டுவதே கலி.

ஒருவர் தொட்ட நீரை மற்றவர் தொடாத காலத்தில், அய்யா வைகுண்டர் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக நீரெடுக்க வைத்தார். தீட்டு நீரில் இல்லை, மனத்தில் இருந்தது. அய்யா கழுவியது அந்த மனத்தை.

ஆகவே ஒருவர்மேல் ஐயம் எழுந்தால், ஒரு நொடி கண்ணாடியை நினையுங்கள். "அவர் இடத்தில் இருந்தால் நான் இதைச் செய்வேனா?" என்று கேளுங்கள். செய்வேன் என்று மனம் சொன்னால், திருத்த வேண்டியது முதலில் அங்கே. மாட்டேன் என்று சொன்னால், அவரிடமே நேரில் கேட்டுத் தெளியுங்கள். புறம் பேச வேண்டாம்.

தருமமே வெல்லும்.

அய்யா உண்டு.