காற்றுக்குமிழியும் பழியின் எல்லையும்

நுரையீரல் அறுவையின்போது ஒரு சிறு மூச்சுக்குழலும் பக்கத்துச் சிரையும் சேர்ந்து கிழிந்தால், சுவாசக் கருவி அழுத்தித் தள்ளும் காற்று இரத்தத்துக்குள் புகுந்துவிடலாம். நுரையீரல் சிரைகள் இதயத்தின் இடப்பக்கத்தில் சேர்கின்றன. அங்கிருந்து குமிழி இதயத் தமனிக்கோ மூளைக்கோ போய் அடைத்துக்கொள்ளும். கைகால் சிரை வழியே வலப்பக்கம் வரும் காற்றை நுரையீரல் ஓரளவு வடிகட்டும். இடப்பக்கத்துக்கு அப்படி ஒரு காவல் இல்லை. இதயத் தமனிக்குள் அரை மில்லிலிட்டர் காற்று போனாலே துடிப்பு தாறுமாறாகிவிடலாம்.

முதல் வேலை காற்று நுழையும் வாயை அடைப்பது. நுரையீரலின் வேர்ப்பகுதியை இடுக்கியால் பற்றி, அந்தப் பக்கச் சுவாசத்தை நிறுத்தி, மறு நுரையீரலை மட்டும் இயக்குவார்கள். நைட்ரஸ் ஆக்சைடு குமிழியைப் பெரிதாக்கும் என்பதால் மயக்க மருத்துவர் அதை உடனே நிறுத்தி நூறு சதவீத ஆக்சிஜன் கொடுப்பார். தலைப்பக்கம் தாழ்த்தப்படும். துடிப்பு நின்றால், திறந்த நெஞ்சுக்குள் இதயத்தைக் கையாலேயே அழுத்திவிடுவார்கள்; இடக்கீழறையிலும் பெருந்தமனியிலும் தேங்கிய காற்றை ஊசியால் உறிஞ்சுவார்கள். பிழைத்தவருக்கு மூளை பாதிப்பு இருந்தால் உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை உதவக்கூடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் நோயாளி இறக்கலாம். அப்போது எந்த மருத்துவமனையிலும் அறுவைக்கூட வாசலில் காத்திருக்கும் உறவினர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: விதியா, டாக்டரின் தவறா?

விதி என்ற பதில் ஆறுதல் தரலாம். கிழிசல் எப்படி நேர்ந்தது என்ற விசாரணையை அது நிறுத்திவிடும். நோக்கத்தில்தான் வினை இருக்கிறது என்பது பௌத்தம். ஆனால் எந்த மருத்துவரும் கொல்லும் நோக்கத்தோடு கத்தி எடுப்பதில்லை. எல்லோரையும் விடுவிக்கும் அளவுகோலால் யாரையும் அளக்க முடியாது. விளைவை மட்டும் பார்ப்பதும் நியாயமில்லை. இரண்டு மருத்துவர்கள் ஒரே மாதிரிக் கவனக்குறைவால் ஒரே மாதிரிக் கிழிசலை உண்டாக்குகிறார்கள். ஒருவரின் நோயாளிக்குக் குமிழி போகவில்லை. அவர் பாராட்டோடு வீடு திரும்புகிறார், மற்றவர் பழி சுமக்கிறார். அறத்தில் தற்செயலுக்கு உள்ள இந்தப் பங்கைப் பற்றி 1976இல் தத்துவ அறிஞர்கள் பெர்னார்ட் வில்லியம்சும் தாமஸ் நேகலும் விவாதித்தார்கள்.

இதற்கு மிகத் தெளிவான விடை அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சமணத்தில் இருக்கிறது. வந்தவாசி அருகே பொன்னூர் மலையோடு மரபு இணைத்துப் பேசும் குந்தகுந்தர், பிராகிருதத்தில் எழுதிய பிரவசனசாரத்தில், கவனமின்றி நடப்பவருக்கு உயிர் பிழைத்தாலும் இம்சை உறுதி என்கிறார். விழிப்போடு நடப்பவரை, உயிர் போனாலும், அந்த நிகழ்ச்சி மட்டுமே வினையில் கட்டாது. துறவியின் நடைக்குச் சொன்ன விதி இது. அறுவைக்கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடைப்பது அரிது. திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் இருப்பதுபோல் பொச்சாவாமைக்கும் ஒன்று இருக்கிறது. மகிழ்ச்சிக் களிப்பில் வரும் மறதியை அது கடிகிறது. நூறு அறுவை நன்றாக முடித்தவருக்கே அந்த எச்சரிக்கை அதிகம் தேவை.

ஒரு தடை எழும். இரவு முழுக்க விழித்த மயக்க மருத்துவர் திரையில் ஒரு மாற்றத்தைத் தவறவிட்டால் அது அவருடைய கவனக்குறைவு மட்டும்தானா? ஓய்வில்லாமல் பணியட்டவணை போட்டவருக்கும் அதில் பங்கு உண்டு. விழிப்பு தனிமனிதக் குணமாக இருப்பதோடு, ஒரு நிறுவனம் ஏற்படுத்தித் தரவேண்டிய நிலையும் ஆகும்.

இந்தியச் சட்டம் பாதி வழி வந்திருக்கிறது. விபத்தோ முடிவெடுப்பதில் நேர்ந்த பிழையோ மட்டும் அலட்சியத்துக்குச் சான்றாகாது, குற்ற வழக்குக்குப் பெரும் அலட்சியம் வேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் தீங்கு நேராத கவனக்குறைவைச் சட்டம் பெரும்பாலும் தொடுவதில்லை. குந்தகுந்தரின் அளவுகோலை ஏற்றால், மருத்துவமனைகளின் ஆய்வுக் கூட்டங்கள் மரணங்களோடு நில்லாமல், கிழிசல் நேர்ந்தும் குமிழி போகாமல் தப்பிய அறுவைகளையும் அதே கண்டிப்போடு எடுத்துப் பேசவேண்டும்.