கேட்போன் கடன்

புத்தளம் மாவட்டக் கரையோரக் கிராமமான உடப்பில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்கள் ஈழத்து நாட்டார் இலக்கியத்தில் தனியிடம் பெற்றவை. ஒருவர் முன்னெடுக்க ஏனையோர் தொடர்ந்து பாடும் இப்பாடல்களின் நீளத்தை வலையே வகுக்கின்றது. வலை கரைசேரும் வரை பாட்டு நீளும். இழுவை கடுமையுறுங்கால் அதன் கதியும் மாறும். இன்று இப்பாடல்களுட் சில, கலைவிழா மேடைகளிலும் ஒலிப்பதிவுகளிலும் சில நிமிடக் கூறுகளாக ஒலிக்கின்றன. அவற்றைச் சுவைப்பவன் அம்பாவைக் கேட்டவன் ஆவானா? இவ்வினா அம்பாவோடு அமைவதன்று. ஓர் இசைத்தொகுப்பை முதலிலிருந்து இறுதிவரை கேட்பதா, விரும்பிய பாடலை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்பதா என்னும் பொதுவினாவின் ஒரு முகமே இது.

இவ்விரு பழக்கங்களையும் வளர்த்ததில் கருவிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று, நான்கு நிமிடங்களையே கொண்டது. 1948இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட நெடுநேர இசைத்தட்டோ ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் இடந்தந்தது. பாடல்களை நிரல்படுத்தி ஒரு முழுப்படைப்பாக்கும் கலை அதனால் ஊக்கம் பெற்றது. தமிழ்த் திரைப்பாடல்கள் தனித்தனியே கேட்கப்பட்ட சூழலில், 1986இல் இளையராஜா திரைப்படத்தைச் சாராத 'ஹவ் டு நேம் இட்' என்னும் தொகுப்பை அளித்தார். 2003இல் ஆப்பிள் நிறுவனம் இணையவழியே பாடல்களைத் தனித்தனியாக விற்கத் தொடங்கியதும் தொகுப்பு மீண்டும் சிதறலாயிற்று. 2021இல் ஆங்கிலப் பாடகி அடெல் வேண்டியதற்கிணங்க, தொகுப்பின் வரிசையைக் குலைத்து ஒலிக்கச்செய்யும் பொத்தானை அதன் முதன்மை நிலையினின்றும் ஸ்பொட்டிபை நிறுவனம் அகற்றியது. பாடல்களின் வரிசையும் ஒரு கதை சொல்கின்றது என்பதே அவர் வாதம்.

எனினும், தனிப்பாடலை விரும்புவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. உழைத்துக் களைத்தவனுக்கு ஒரு பாட்டே ஆறுதலாகலாம். அவனிடம் ஒரு மணிநேரத்தைக் கோருவது ஓய்வுடையோர் விதிக்கும் வரியாகும். மேலும், முழுமையை நீளத்தால் அளத்தல் பொருந்தாது. குறுந்தொகையின் ஒரு பாட்டுத் தன்னளவிலேயே நிறைவுடையது; அதனைச் சுவைக்க ஏனைய பாட்டுக்கள் வேண்டா.

சிலப்பதிகாரத்துக் கானல்வரியின் நிலை வேறு. புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் யாழிசைத்துப் பாடும் பாடல்களைத் தனியே எடுத்தால், அவை இனிய நெய்தற் பாடல்களே. காப்பிய நிரலில் வைத்து நோக்கினாலோ, அவையே இருவரையும் பிரிக்கின்றன. கோவலனை மதுரையின் கொலைக்களத்துக்குச் செலுத்தும் வழியைத் திறக்கின்றன. தனியே கேட்பவனுக்கு இனிமை குறைவதில்லை, பொருள் மறைந்துவிடுகின்றது. கோவலன் செய்த பிழையும் இத்தகையதே. மாதவியோடு வாழ்ந்த வாழ்வு முழுவதையும் மறந்து, அன்றைய பாட்டொன்றைக் கொண்டே அவள் உள்ளத்தை அளந்தான்.

இங்கேதான் இவ்வினா சுவை பற்றியதாக இருந்து அறம் பற்றியதாக மாறுகின்றது. விரும்பியதை மட்டும் பிரித்தெடுக்கும் செவி, பிறர் கூற விரும்பியதைக் கேளாது, தான் கேட்க விரும்பியதையே மீண்டும் மீண்டும் கேட்கின்றது. தொகுப்பில் நாம் தாண்டிச் செல்லும் பாடலே ஒருகால் படைத்தவன் நம்மிடம் சொல்ல வந்ததாக இருத்தல் கூடும். பாட்டில் பழகிய இச்செவியே நண்பனின் பேச்சையும் அயலவரின் முறைப்பாட்டையும் கேட்கப் போகின்றது. ஒரு சொல்லைக்கொண்டு ஒரு மனிதனையும், ஒரு செயலைக்கொண்டு ஒரு சமூகத்தையும் தீர்ப்பிடும் அவசரம் அதற்கு எளிதில் கைவந்துவிடும்.

ஆதலின், எல்லாவற்றையும் இறுதிவரை கேட்டே தீரவேண்டும் என்பது கேட்போன் கடனாகாது. நிரலோடு படைக்கப்பட்டதை ஒருமுறையேனும் அந்நிரலிற் கேட்டலும், கூறொன்றை மட்டும் கேட்டவன் முழுமையைக் கேட்டதாகக் கருதாமையுமே அவன் கடன். மேடையில் அம்பாவைக் கேட்டு மகிழ்பவன் அம்மகிழ்ச்சிக்காக நாணவேண்டியதில்லை. அப்பாட்டின் எஞ்சிய பகுதி, கயிற்றின் கனத்தோடும் வெறுமையாய் வந்த வலைகளின் நினைவோடும் உடப்புக் கரையிலேயே இருக்கின்றது என்பதை அவன் மறவாதிருத்தல் வேண்டும்.