நேராக்குதலும் நேர்மையும்

ஒளிப்படக் கருவி உள்ளதை உள்ளவாறே காட்டும் என்பது நம்மில் பலரது நம்பிக்கை. அது முற்றும் உண்மையன்று. கருவி காட்டுவதிலும் பிழை உண்டு. அதனைத் திருத்தவும் இன்று வழி உண்டு. அங்ஙனம் திருத்துவது வாய்மையா, பொய்மையா என்னும் வினா அண்மையில் எம் இல்லத்திலேயே எழுந்தது.

எம் ஊர் ஜினாலயத்தின் முன்மண்டபத்தைப் பழுது பார்க்க நிதி வேண்டி விண்ணப்பம் எழுதினோம். அதனுடன் இணைக்க எம் பெயரன் படம் எடுத்தான். தெரு குறுகலாதலின் அகலக்கோண லென்ஸைப் பயன்படுத்தினான். படத்தில் உத்திரம் வில்லென வளைந்திருந்தது. தூண்கள் புடைத்து நின்றன. “மண்டபம் இவ்வாறு இல்லையே” என்றோம். “இது லென்ஸின் குறை, பாட்டி” என்று கூறிக் கணினியில் நொடிப்பொழுதில் திருத்திவிட்டான்.

அவன் கூறியது உண்மையே. அத்தகைய லென்ஸில் உருப்பெருக்கம் நடுவில் மிகுந்தும் ஓரத்தில் குறைந்தும் அமைகிறது. ஆதலின் ஓரத்திலுள்ள நேர்கோடுகள் வெளிப்புறம் வளைகின்றன. இதனைப் பீப்பாய்த் திரிபு என்பர்.

இத்திருத்தத்தில் பொய் இல்லை எனத் தெளிந்தோம். ஆசிரியப் பயிற்சியின்போது வெர்னியர் அளவியைக் கையில் எடுத்தவுடன் அளந்துவிட எம்மை விடமாட்டார்கள். முதலில் தாடைகளைச் சேர்த்துச் சுழிப்பிழை உண்டா எனக் காணவேண்டும். பொருளை அளந்தபின் அப்பிழையை நீக்கவேண்டும். லென்ஸுக்கும் அதுவே முறை. டுவேன் பிரவுன் என்னும் அமெரிக்க அறிஞர் 1971இல் ஒரு வழியை வெளியிட்டார். தூக்குநூல்களைத் தொங்கவிட்டுப் படம் எடுத்து, நேரான நூல் படத்தில் எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு லென்ஸின் திரிபைக் கணக்கிட்டார். இன்றைய ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள்களும் அந்தந்த லென்ஸுக்கென முன்னரே அளந்து வைத்த எண்களைக் கொண்டு படத்தைத் திருத்த வல்லன. மண்டபத்தைக் காணுமுன்பே அறியப்பட்ட பிழை அது.

பெயரன் அத்துடன் நிற்கவில்லை. அண்ணாந்து எடுத்த படத்தில் தூண்கள் மேலே செல்லச் செல்ல நெருங்கித் தோன்றின. இது லென்ஸின் குறையன்று. நாம் நின்று நோக்கிய நிலையின் விளைவு. அதனையும் சீராக்க எண்ணி, இரு கோடித் தூண்களையும் செங்குத்து என்று கணினிக்குக் குறித்துக் காட்டினான். அனைத்தும் நிமிர்ந்தன. “மிக அழகு” என்று யாமும் பாராட்டினோம்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. தென்கோடித் தூண் உண்மையாகவே சாய்ந்திருக்கிறது! அது விழுந்துவிடுமோ என்னும் அச்சத்தினாலன்றோ விண்ணப்பமே எழுதினோம்? கணினி அதனை அறியாது. செங்குத்து என்றால் செங்குத்தாக்கிவிடும். காலையில் படத்தை மீண்டும் கூர்ந்து நோக்கினோம். சாய்ந்த தூண் நிமிர்ந்து நின்றது. நேரான நடுத்தூண்களோ எதிர்ப்புறம் சிறிதளவு சாய்ந்திருந்தன. ஒன்றின் குறையை மறைக்கக் குறையற்றவை அதனைச் சுமந்தன. குடும்பங்களிலும் இவ்வாறு நிகழக் கண்டிருக்கிறோம்.

கொத்தனாரை அழைத்துத் தூணருகே தூக்குக்குண்டைத் தொங்கவிடச் செய்தோம். நூலுக்கும் தூணின் உச்சிக்கும் நான்கு விரல் வேறுபாடு இருந்தது. நூலும் தெரியுமாறு புதிய படம் எடுத்து, லென்ஸின் வளைவை மட்டும் நீக்கி, அச்செய்தியையும் கீழே எழுதி அனுப்பினோம்.

இதனால் யாம் கற்றது ஒன்று. கருவியின் பிழையைத் தனியே அளந்தறிந்து நீக்குவது திருத்தம். பொருள் இவ்வாறு இருந்தால் நன்று என்னும் விருப்பத்தால் மாற்றுவது திரிபு. இரண்டும் ஒரே திரையில், ஒரே விரலால் செய்யப்படுகின்றன. வரன் தேடும் வீட்டார்க்கு அனுப்பும் பெண்ணின் படத்தில் நிறத்தை வெளுக்கச் செய்வது இவற்றுள் எது என்பதை அன்னையரே எண்ணிப் பார்க்கட்டும்.

எம் கண்ணுக்கும் சுழிப்பிழை இருந்ததுண்டு. அழகிய கையெழுத்தைக் கண்டால் எம்மை அறியாமலே மதிப்பெண் கூட்டிவிடுவோம். அதனை உணர்ந்தபின், கூட்டியதைக் கழிப்பது எம் கடமையாயிற்று. ஆயின், ‘இவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை, தவறியிருக்கமாட்டான்’ என்று கூட்டியிருந்தால் அது திருத்தமாகாது.

பொருளை அதன் இயல்பில் உள்ளவாறு காண்பதையே நற்காட்சி என்று நம் முன்னோர் மும்மணிகளுள் முதலில் வைத்தனர். எதனையும் நேராக்க முற்படுமுன், வளைந்திருப்பது நம் கண்ணா, கண்ட பொருளா என்று ஒருமுறை தூக்குநூல் பிடித்துப் பார்ப்போமாக.