இரக்கமும் முறையும்

பழவேற்காட்டு ஏரியில் எல்லா இடத்திலும் வலை ஒரே மாதிரி நிறைவதில்லை. முகத்துவாரத்தை அடுத்த சில இடங்களில்தான் இறால் நன்றாக விழும். அந்த இடங்களுக்காக ஊருக்கு ஊர் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்க, அங்குள்ள மீனவர்கள் பல தலைமுறைகளாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். சீட்டுப் போட்டு, இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வகுத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிட்டாதவனுக்கு இன்னொரு நாள் கிட்டும். அது யாரும் இரங்கிக் கொடுத்ததன்று, அவனுடைய பங்கு.

அங்கிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் வந்தால் சென்னை. வீட்டை விட்டு ஓடிவரும் சிறுவர்கள் ரயிலிலிருந்து இறங்கும் ஊர். நம்மில் இரக்கமுள்ளவர்கள் அவர்கள் கையில் காசு வைக்கிறோம். இன்னும் இரக்கமுள்ளவர்கள் ஓர் இல்லத்தில் சேர்க்கிறோம். சேர்த்த பையன் ஒரு வாரத்தில் ஓடிவிட்டால், "நன்றி கெட்ட ஜென்மம்!" என்கிறோம். சோறு கொடுத்தோம், பாய் கொடுத்தோம். 'இது உன் முறை' என்று ஒன்றையேனும் கொடுத்தோமா?

டில்லியில் 'பட்டர்ஃபிளைஸ்' என்னும் தொண்டு நிறுவனம் 2001-ல் தெருப் பிள்ளைகளுக்காகச் சேமிப்பு வங்கி ஒன்றைத் தொடங்கியது. காசை வைக்க இடமில்லாத பிள்ளை அன்றைய சம்பாத்தியத்தை அன்றே செலவழிக்கும். இல்லாவிட்டால் தூக்கத்தில் பறிகொடுக்கும். அந்த வங்கியின் மேலாளரைப் பிள்ளைகளே தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள். யாருக்குக் கடன் தரலாம் என்பதையும் அவர்களே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். பெரியவர் நூறு முறை சொல்லியும் ஏறாத புத்தி, கூட்டாளி ஒரு முறை சொன்னால் ஏறுவதில் வியப்பென்ன? பிளாட்பாரத்துக் குளிரை அவனும் அறிந்தவன் அல்லவா?

ஆனால், கூட்டாளி என்ற சொல்லில் நாம் மயங்கிவிடவும் கூடாது. கந்தல் துணியில் 'சொல்யூஷனை' ஊற்றி முகரக் கற்றுக்கொடுத்தவனும் கூட்டாளிதான். பாடு முறையிலும் ஒரு நெருடல் உண்டு; அதில் உரிமையில்லாதவர்களும் அதே கரையில்தான் வாழ்கிறார்கள். கூட்டம் தன்னுள் இருப்பவனைத் தாங்கும். வெளியே நிற்பவனை அது பார்ப்பதில்லை. ஆகவே வெறும் தோழமை போதாது. எல்லாரும் ஒப்பிய விதி வேண்டும். புதிதாக வருபவனுக்கும் அதில் ஒரு சீட்டு வேண்டும்.

'அப்படியானால் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்' என்று நாம் நகர்ந்துவிடலாமா? பிள்ளைகளின் வங்கிக்கும் ஒரு கூரை வேண்டும், பூட்டு வேண்டும், கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பி இல்லத்தை விட்டு வெளியேறுகிறவருக்குப் பண உதவி 'அளிக்கலாம்' என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். 'அளிக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. இரக்கத்துக்கும் பங்குக்கும் நடுவே உள்ள தூரமெல்லாம் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவேதான் இருக்கிறது.