சிறுவாட்டுப் பணம் யாருடையது?

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, அரிசிப் பானையிலும் அஞ்சறைப்பெட்டியின் அடியிலும் பீரோவில் புடவை மடிப்புக்குள்ளும் இருந்த பணம் வெளியே வந்தாக வேண்டியிருந்தது. மனைவியிடம் இவ்வளவு இருந்தது என்று பல கணவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. இல்லத்தரசிகள் வங்கியில் போடும் தொகை இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் துருவ மாட்டோம் என்று அரசு சொல்லிவிட்டது. துருவியது குடும்பம்தான்.

வீட்டுச் செலவுக்கென்று வாங்கிய பணத்தில் சொல்லாமல் மிச்சம் பிடிப்பது தவறா? கறாராகப் பேசுகிறவர்கள், கொடுத்தது செலவுக்கு, மிஞ்சினால் கணக்குச் சொல்ல வேண்டும் என்பார்கள். இங்கிலாந்தில் 1943இல் ஒரு வழக்கில் நீதிமன்றமும் அப்படித்தான் நினைத்தது. மனைவி சிக்கனமாக இருந்து மிச்சப்படுத்தியது முழுவதும் கணவன் பணம் என்றது. 1964இல் சட்டம் போட்டுத்தான் அதைப் பாதிப் பாதி ஆக்கினார்கள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமோ இன்னும் ஒரு படி போய், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் உழைப்பும் சேர்ந்துதான் கணவன் சொத்து வாங்க முடிகிறது, அதில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்றது. ஆக, திருட்டு என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஒளிப்பது தவறா என்பது வேறு கேள்வி. பஸ் கட்டணத்துக்கும் கணக்குக் கேட்கிற வீட்டில் ஒளிப்பது தற்காப்பு. இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிற வீட்டில் அதுவே நம்பிக்கைக் கேடுதான். (நண்பனுக்குக் கைமாற்றுக் கொடுத்ததை வீட்டில் சொல்லாத ஆண்களை யாரும் இந்தக் கூண்டில் ஏற்றுவதில்லை.)

ஆனால் அந்தப் பணம் எதைக் குறைத்ததால் சேர்ந்தது என்று எந்த நீதிமன்றமும் கேட்பதில்லை. பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டி உள்ளே ஒட்டியிருப்பதை வழித்துத் தேய்ப்பதிலும், கரைந்த சோப்புத் துண்டைப் புதுசோடு ஒட்டி வைப்பதிலும், ஒரு மூடித் தேங்காயை இரண்டு நாள் சட்னிக்கு ஆக்குவதிலும் யாருக்கும் நஷ்டமில்லை. அது கைத்திறன். எல்லோருக்கும் பால் காப்பி, தனக்கு மட்டும் வரக்காப்பி என்பது வேறு. நடுத்துண்டு மீன் மற்றவர்களுக்குப் போக, தலையும் வாலும் சட்டியில் ஒட்டிய குழம்பும் தனக்கு என்பதும் வேறு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. காரணங்கள் பல, கடைசியாக உட்கார்ந்து மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கமும் அவற்றில் ஒன்று.

இதையெல்லாம் தியாகம் என்று புகழ்வதில்தான் சிக்கல். அவள் சிறுவாடு சேர்த்ததால்தான் பையனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட முடிந்தது என்று சபையில் சொல்லும்போது, அவள் சாப்பிடாமல் விட்டது எல்லோருக்கும் பெருமை ஆகிவிடுகிறது. பெருமையான ஒன்றை யார் நிறுத்தச் சொல்வார்கள்? வருவாய்க்குத் தக்க வாழ்வதை வள்ளுவரும் வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தில் மனைவியின் தகுதியாகத்தான் வைத்தார்.

தன் வயிற்றைக் குறைத்துக்கொள்ள ஒருத்திக்கு உரிமை உண்டென்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கை அடுத்துப் போவது பெரும்பாலும் மகளின் தட்டுக்கு. அண்ணனுக்கு முட்டை, தங்கைக்குக் குழம்பு போதும். மிச்சமான காசு மகள் பேரிலேயே நகைச்சீட்டுக்குப் போகலாம். அம்மா அதில் ஒரு பைசா எடுக்காமலும் இருக்கலாம். ஆனாலும் வளர்கிற வயதில் தின்ன வேண்டிய முட்டையைக் கல்யாணத்தன்று வளையலாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. அம்மா ஒளித்துவைத்த பணத்தைவிட இதைப் பற்றித்தான் அந்த வீட்டில் முதலில் கேட்டிருக்க வேண்டும்.