கெட்டால் யார் பொறுப்பு?

செய்யூரில் எங்கள் நூலகத்துக்குச் சனிக்கிழமைதோறும் சில குழந்தைகள் வருகிறார்கள். அவர்களுக்குக் கதை சொல்வது என் பொறுப்பு. நாலே வாரத்தில் சரக்குத் தீர்ந்துபோயிற்று. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட அவமானம் வேறு இல்லை. கையால் ஏதாவது செய்ய வைக்கலாமே என்று தோன்றிற்று. யோசனை தேடிச் சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஒரு சிறுமி கண்ணாடிப் பெட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டு உள்ளே இருந்த பொம்மையைப் பார்த்து நின்றாள். தாயார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கோட்டூர்புரத்துப் பெரியார் அறிவியல் மையத்தில் பிள்ளைகள் இழுத்தும் சுழற்றியும் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் புரூக்ளினில் 1899லேயே குழந்தைகளுக்கென்று காட்சிசாலை திறந்துவிட்டார்கள். இன்று அத்தகைய சாலைகள் சிலவற்றில் ஒரு பட்டறையே வைத்து, சுத்தியலும் ரம்பமும் குழந்தைகள் கையில் கொடுக்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் நூலகரிடம் உற்சாகமாகச் சொன்னேன். நுங்குக் காயில் வண்டி கட்டி ஓட்டுகிற பிள்ளைகள். ஒரு பழைய ரேடியோவும் திருப்புளியும் கொடுத்தால் என்னதான் செய்ய மாட்டார்கள்!

"கெட்டால் யார் பொறுப்பு சார்?" என்றார் அவர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினாரே, நூல்கள் பயன்படுவதற்கே என்பதுதானே முதல் விதி? முன்பு ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் கட்டி வைத்த கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு இருப்புப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அவருடைய கையெழுத்து. பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறவன் நான். தொலைந்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. என் மகன் எட்டு வயதில் என் கைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டான். அறைந்தேன். இப்போது கல்லூரிக்குப் போகிறான். வீட்டில் ஃப்யூஸ் போனால், "யாரையாவது கூப்பிடுங்கப்பா" என்கிறான். என் பொருள் கெட்டபோது எனக்கு எந்த விதியும் ஞாபகம் வரவில்லை. இன்னொருவர் கையெழுத்தின் பேரில் தாராளமாக இருக்க மட்டும் எங்கிருந்தோ தைரியம் வந்துவிடுகிறது.

மறுவாரம் என் வீட்டு ரேடியோவையும், இரண்டு திருப்புளி, ஒரு குறடு எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போனேன். பதிவேட்டில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் ரேடியோ எலும்பும் தோலுமாகிவிட்டது. ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருப்பதைக் கண்டுபிடித்த பையன் ஊரிலுள்ள ஆணிகளையெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

போகும்போது ஒரு திருப்புளியைக் காணோம். யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. அது பெருந்தன்மையா, ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியமில்லாத கோழைத்தனமா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

நூலகர் மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் மறக்காமல் விசாரிக்கிறார்: "அந்தத் திருப்புளி கிடைச்சுதா சார்?"