மாண்டவர் வீடும் மேய்ச்சல் நிலமும்

தளியிலிருந்து ஓசூர் செல்லும் வழியில், மலர்ப் பண்ணைகளின் கூடாரங்களும் ஆலைகளின் மதில்களும் விட்டுவைத்த இடங்களில் மட்டும் புல்லும் பாறையுமாக எஞ்சிக் கிடக்கும் மேட்டுநிலத்தை, மேய்க்கால் புறம்போக்கென்றோ தரிசென்றோ வருவாய்க் கணக்கில் எழுதிவிட்டு, அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கக்கூடும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஆனால் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சூளகிரிப் பக்கத்து மல்லச்சந்திரத்தின் பாறைக் குன்றில், பலகைக் கற்களை நிறுத்தி, மேலே பெருங்கல்லைப் பரப்பி, ஒருபுறம் வட்டத் துளையும் இட்டு, இரும்புக்கால மாந்தர் தம்மில் இறந்தோர்க்கு எடுத்த கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. இத்தகையவற்றைப் பாண்டவர் வீடு என்பது ஜனங்களின் வழக்கம்.

இவற்றின் முக்கியத்துவத்தை எதைக் கொண்டு மதிப்பது? பழமையைக் கொண்டு என்பதே எல்லோரும் தயாராக வைத்திருக்கும் விடை. பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபோது பூரித்தோம். 2025 ஜனவரியில் சிவகளைக்குக் கி.மு. 3345 என்ற காலம் வெளியானதும் அந்தப் பூரிப்பு தெற்கே குடிபெயர்ந்தது. காலக்கணிப்பு அவசியமான சாஸ்திரமே, ஆட்சேபமில்லை. எனினும் மூன்றாண்டுக்குள் மயிலாடும்பாறையின் மகிமை குன்றிவிட்டதென்று சொல்ல எவரும் துணியாராதலின், மகிமைக்கு வேறோர் ஆதாரம் தேட வேண்டியிருக்கிறது.

உயிரோடிருந்தவர்க்கு மண்ணும் மரமும் கூரையுமாக அழிந்துபோகும் குடில். மாண்டவர்க்கோ, பலர் தோள்கொடுத்தாலன்றி அசையாத கல். அந்தத் துளை உயிர் வந்துபோகும் வாயிலா, படையல் இடும் வாயிலா, ஆன்மா நித்தியம் என்ற சித்தாந்தம் அவர்களுக்கு இருந்ததா என்றெல்லாம் பண்டிதர்கள் வாதிக்கட்டும். தன் பசிக்கு உதவாத உழைப்பை, நன்றி சொல்லவும் திரும்பி வராத ஒருவனுக்குக் கொடுப்பது கடன் என்று ஒரு சமூகம் கருதியதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆடி அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைக்கும் நாமும் அந்தக் கடனாளிகளே. கோயிலும் ஆகமமும் பேசுமுன் தர்மத்தைப் பேசிய கற்கள் இவை.

இந்தத் தர்மத்தைக் காக்க நினைத்தால், கற்களோடு அவை நிற்கும் நிலத்தையும் காக்க வேண்டும். கல்லுக்கு மட்டும் வேலி போட்டுவிட்டு, மந்தை மேய்ந்த வெளியையும் சுற்றுப்பாறையையும் குவாரிக்காரருக்கு விட்டுக்கொடுப்பது, கர்ப்பக்கிருகத்தை வைத்துக்கொண்டு பிராகாரத்தை விற்பது போலாகும். ஆகையால், புராதனச் சின்னங்களுக்கு எல்லை குறிக்கும் அதிகாரிகள் அவற்றைச் சூழ்ந்த புல்வெளியையும் அந்த எல்லைக்குள் சேர்க்க வேண்டும். கல்லுடைப்பு உரிமம் கோரும் விண்ணப்பம் வந்தபின் யோசிக்காமல், அதற்கு முன்பே சேர்க்க வேண்டும்.